வரிப்பணத்தில் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டவருக்கு

கேட்ட கேள்வி: "உடல்நலம், சுற்றுச்சூழல், சமூகம் என்று எல்லாப் பிரச்சினைகளுக்கும் ஆராய்ச்சி தீர்வு தரும் என்கிறார்கள். நிஜமாகவே தருகிறதா, இல்லை நம் வரிப்பணத்தில் உட்கார்ந்து பேப்பர் எழுதிக்கொண்டிருக்கிறார்களா?"

தொனியைப் பார்த்தால் வேலைக்குச் சேர்ந்து முதல் தடவையாக டி.டி.எஸ். பிடித்த சம்பளச் சீட்டைப் பார்த்தவர் போலத் தெரிகிறது. கோபம் நியாயம்தான், எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு எல்லோரும் செயற்கைக்கோள், தடுப்பூசி, ஓசோன் ஓட்டை என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் காசநோயை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு வந்தது அதுதான்.

2019-ல் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. இருமல் வந்தது. பஞ்சுத் தூசியில் வேலை பார்ப்பவனுக்கு இருமல் வராமல் என்ன வரும் என்று அறையில் இருந்தவர்கள் சொன்னார்கள். பக்கத்து கிளினிக்கில் சிரப் கொடுத்தார்கள், அப்புறம் வேறு சிரப், அப்புறம் ஆன்டிபயாடிக். சாயங்காலம் ஆனால் லேசாகக் காய்ச்சல், ராத்திரி பனியன் நனைகிற அளவுக்கு வேர்வை, பேன்ட்டுக்கு பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டிய நிலைமை. கடைசியில் மருந்துக்கடை அண்ணன் ஒருவர்தான், "தம்பி, இதுக்கு மேல எங்கிட்ட சிரப் வாங்காதீங்க, கவர்மெண்ட் ஆஸ்பத்திரில சளி டெஸ்ட் குடுங்க" என்றார். டப்பாவைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்து வரச் சொன்னார்கள், எச்சிலைத் துப்பி எடுத்து வரக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார்கள். சிபிநாட் என்கிற மெஷினில் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, அது ரிஃபாம்பிசின் என்கிற முக்கியமான காசநோய் மருந்துக்கு அடங்குமா என்று இரண்டுமே தெரிந்துவிடும். இருந்தது, அடங்கும் ரகம்.

ஆறு மாதம் மாத்திரை. முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து, எடையைப் பார்த்து எண்ணிக்கை. மாத்திரையைப் பிதுக்கினால் அட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும் எண் ஒன்று தெரியும், அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் இவன் இன்றைக்குப் போட்டுவிட்டான் என்று அங்கே பதிவாகும். முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் எனக்கு உயிரே போய்விட்டது, மருந்தின் நிறம்தான் என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. இத்தனையும் இலவசம். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி கூடப் படுக்கவில்லை, தாராபுரம் பக்கம் எங்கள் வீட்டில் திண்ணையை ஒட்டிய அறையில் இருந்துகொண்டே சாப்பிட்டேன்.

இந்தக் கடைசி வரியைத்தான் நீங்கள் கவனிக்கணும். வீட்டில் இருந்துகொண்டே.

எங்கள் தாத்தாவின் தம்பிக்கு இதே நோய். அவரைப் பெருந்துறை சானடோரியத்தில் சேர்த்தார்களாம், இன்றைக்கு மருத்துவக் கல்லூரி இருக்கிற அதே வளாகம். அந்தக் காலத்தில் அதுதான் வைத்தியம்: நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. சென்னைக்காரர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் தெரியும், அங்கே 1928-ல் ஒரு டாக்டர் தனியாக ஆரம்பித்த காசநோய் ஆஸ்பத்திரியின் பேர்தான் ஸ்டேஷனுக்கு. சிக்கல் என்னவென்றால் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் அதில் ஒரு துளி. குடும்பத்தில் சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டால் மிச்சப் பேர் என்ன செய்வது என்பதற்கும் அங்கே பதில் கிடையாது.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, 1952-ல் ஐசோநியாசிட் வந்தது. மருந்து வந்துவிட்டதே, அப்புறம் ஆராய்ச்சி எதற்கு என்றுதான் நீங்கள் கேட்பீர்கள். ஆனால் மருந்து வந்த பிறகும் ஆளைப் படுக்கையில் போட்டுத்தான் கொடுக்கணும் என்று உலகம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தார்கள். 1956-ல் மெட்ராஸில் ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்து நடத்தியது. முன்னின்றவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். அவர்கள் கேட்ட கேள்வி, கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்குச் சாதாரணமானது: படுக்கை நிஜமாகவே தேவையா?

நகரத்தின் ஏழை நோயாளிகள் இருநூறு பேருக்குச் சற்றுக் குறைவாக எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை சானடோரியத்துக்கும் பாதிப் பேரை வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம். சானடோரியத்துக்காரர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ். வீட்டுக்காரர்களுக்கு நெரிசலான ஒற்றை அறை, அரைவயிற்றுச் சாப்பாடு, பலருக்கு வேலையும். வீட்டில் இருப்பவன் மருந்தை நிஜமாகப் போடுகிறானா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. குணமானதில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிட முக்கியம், வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. ஏனென்றால் தொற்றவேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிப்பதற்கு முன்பே தொற்றிவிடுகிறது, மருந்து ஆரம்பித்ததும் தொற்றும் வேகம் இறங்கிவிடுகிறது.

அதற்குப் பிறகு உலகத்தில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சேத்துப்பட்டில் இருக்கிற அதே மையம்தான் இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். புது மாத்திரை கண்டுபிடித்தால்தான் ஆராய்ச்சி என்று நினைக்கிறவர்கள் இந்த ஒன்றை யோசிக்கணும். ஒரு மாத்திரையும் கண்டுபிடிக்கவில்லை. எல்லோரும் சரி என்று நம்பியதை எண்ணிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த எண்ணிக்கையின் பலன்தான் என் திண்ணை அறை.

சரி, இப்போது சிலர் வருவார்கள். "எல்லாம் வெற்றிக் கதையா? செங்கல்பட்டில் பி.சி.ஜி. என்கிற காசநோய்த் தடுப்பூசியை வைத்து நடத்திய சோதனை என்ன ஆனது?" என்பார்கள். தெரியும். 1968-ல் ஆரம்பித்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து வருடக்கணக்கில் பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்றுதான் தெரிந்தது. அது என் கட்சிக்குத்தான் பலம். தடுக்காத ஊசியைத் தடுக்கும் என்று நம்பி வயதுக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக்கொண்டே இருந்தால் அதுதான் வரிப்பண விரயம். குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் மாதிரியான கடும் வகைகளைத் தடுக்கிறது என்பதால் பிறந்ததும் போடுகிறார்கள், அது வேறு விஷயம். இன்னும் சிலர், "மருந்துக்கு அடங்காத டி.பி.யை விட்டுவிட்டாயே" என்பார்கள். அதை வேண்டுமென்றேதான் விட்டேன், எனக்கு வந்தது அது இல்லை, வந்தவர்கள் எழுதினால் நானே போய்ப் படிப்பேன்.

சமூகம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஜார்க்கண்டில் நடந்த ராஷன்ஸ் என்ற ஆய்வு போதும். அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற டாக்டர் தம்பதி முன்னின்று நாலு மாவட்டங்களில் நடத்தியது. நோயாளியின் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். 2023-ல் வந்த முடிவின்படி, கிடைக்காத குடும்பங்களைவிடக் கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது, தொற்றும் வகை நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும். ரேஷன் கடையில் கிடைக்கும் சாமான். நம் ஊரிலும் 2022-லிருந்து காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. உயரத்துக்கு ஏற்ற எடை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று முதல் நாளே பார்த்து, மோசமாக இருப்பவரை மட்டும் உடனே அட்மிட் செய்கிறார்கள். எல்லோருக்கும் படுக்கை வேண்டாம் என்று ஒரு ஆராய்ச்சி சொன்னது, யாருக்குக் கண்டிப்பாக வேண்டும் என்று இன்னொன்று சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று வாதம் பண்ண வராதீர்கள்.

ஆனால் ஆராய்ச்சியால் முடியாததும் உண்டு, அது எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது. நான் ஊருக்குப் போனதும் பெரியம்மா எனக்கென்று ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, விளிம்பில் ஆணியால் ஒரு கோடு கீறி, தனியாகப் பின்கட்டில் கவிழ்த்து வைத்தார். இது காற்றில் பரவுவது, தட்டில் டம்ளரில் பரவாது என்று சுகாதார ஆய்வாளர் வீட்டுக்கே வந்து சொன்னார். பெரியம்மா, "செரிங் சார்" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டு, தட்டைத் திரும்ப அங்கேயே கவிழ்த்தார். கெட்ட மனுஷி கிடையாது, தினமும் இரண்டு முட்டை அவித்துக் கொடுத்ததும் அவர்தான். என்ன சொல்வது. அக்கா பையனை என் அறைப் பக்கம் விடவில்லை, அவனைப் பரிசோதித்துத் தடுப்பு மாத்திரை கொடுக்கலாம் என்றபோது "ஊருக்குத் தெரிஞ்சுரும்" என்று அதையும் வேண்டாம் என்றார்கள். அப்புறம் ஒரு ஜாதகம் பொருந்தி வந்து, நோய் விஷயம் யார் மூலமோ போய், தரகர் போனையே எடுக்கவில்லை. குணமாகி வருடம் ஆன பிறகு!

வந்ததுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். எனக்கு மாதாமாதம் சம்பளத்தில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கான பணம், பிடித்தார்கள். காசநோய்க்கு அதில் நீட்டித்த நோய்க்காலப் பலன் என்று ஒன்று இருக்கிறது, இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்கு லீவு நாட்களில் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கிடைக்கும். எங்கள் எச்.ஆரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சம்பளமில்லா லீவு என்று எழுதி வாங்கிக்கொண்டு, திரும்பி வரும்போது பிட்னஸ் சர்டிபிகேட் கொண்டு வா என்று மட்டும் தெளிவாகச் சொன்னார்கள். நான் வட்டிக்கு வாங்கித்தான் வீட்டுக்கு அனுப்பினேன். விஷயம் எனக்குத் தெரிந்தபோது வேறு கம்பெனி மாறியிருந்தேன். இந்தப் பதிலைத் திருப்பூரில் யாராவது படித்தால், உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று இருந்தால், டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு எச்.ஆரிடம் போகாமல் நேராக இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கே போய்க் கேளுங்கள்.