காக்காவைத் ‘தாத்தா’ என்கிறான்... தானாகச் சரியாகுமா?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்கிறான். ‘கதவு’ ‘ததவு’ ஆகிவிடுகிறது. எங்களுக்குப் புரிகிறது, பள்ளியில் டீச்சருக்குப் பாதிதான் புரிகிறதாம். நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்துவிட்டோம். நாக்கு ஒட்டியிருக்கிறதா? இன்னும் காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். ‘ழ’, ‘ர’ மட்டும் வரவில்லை என்றால் பொறுத்திருங்கள் என்றுதான் சொல்வேன், அவை தாமதமாக வருபவை. ‘க’ அப்படியில்லை. இரண்டு, மூன்று வயதில் ‘க’வுக்குப் பதில் ‘த’ சொல்வது சகஜம். நான்கு வயதுவாக்கில் பெரும்பாலும் மாறிவிடும்.

நாக்கு ஒட்டு இதற்குக் காரணமாக இருக்காது. அது நுனி நாக்கைப் பிடித்து வைப்பது. ‘க’வுக்கோ பின்நாக்கு மேலெழுந்தால் போதும். வசம்பை நிறுத்திவிடுங்கள், அதனால் உச்சரிப்பு திருந்தாது.

முதலில் காது. கூப்பிட்டால் திரும்புகிறானே என்று விட்டுவிடாதீர்கள். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம். சத்தம் கேட்கும், ஒலிகளின் நுட்ப வித்தியாசம் தெளிவாகக் கேட்காது. ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுத்த பிறகு ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் போங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே என்ன நடக்கும்? காக்கா படத்தையும் தாத்தா படத்தையும் பக்கத்தில் வைத்து, “எது வேணும், சொல்லு” என்பார். அவன் காக்காவை நினைத்து ‘தாத்தா’ என்பான். தெரபிஸ்ட் தாத்தா படத்தை எடுத்து நீட்டுவார். “இது இல்ல!” என்று முகம் மாறும் பாருங்கள், அங்கேதான் வேலை தொடங்குகிறது. ஒலி மாறினால் பொருளே மாறும் என்று பிள்ளைக்கே உறைக்கிறது. ‘கட்டு–தட்டு’, ‘கடை–தடை’ என்று தமிழில் இப்படி நிறைய ஜோடிகள் உண்டு. ‘க’ அறவே வராவிட்டால் மல்லாக்கப் படுக்க வைத்துச் சொல்ல வைப்பதும் உண்டு. நாக்கு தானாகப் பின்னே சாயும். அப்புறம் தனி ஒலியிலிருந்து சொல், சொல்லிலிருந்து வாக்கியம், கடைசியில் சாதாரணப் பேச்சு. பேச்சில் நிலைக்கத்தான் நாளாகும், அவசரப்படாதீர்கள். பலூன் ஊதுவதும் நாக்கை நீட்டி மடக்குவதுமாகவே யாராவது நேரத்தைக் கழித்தால், “ஒலிப் பயிற்சி எப்போது?” என்று தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில் தினமும் பத்து நிமிடம், விளையாட்டாக. மற்ற நேரத்தில் “தாத்தா பறக்குது” என்றால், “ஆமா, காக்கா பறக்குது” என்று நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். “ஒழுங்கா சொல்லு” என்று நிறுத்தாதீர்கள். அதட்ட அதட்டப் பிள்ளை பேசுவதையே குறைத்துக்கொள்ளும். உறவினர் முன்னால் சொல்லச் சொல்லிச் சிரிப்பதும் வேண்டவே வேண்டாம்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மாவட்டத்தின் ‘டி.இ.ஐ.சி.’ எனப்படும் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.