குடியை விட்ட பிறகுதான் இயேசுவிடம் போக வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது: குடி இன்னும் விடவில்லை, வீட்டைச் சுற்றிக் கடன், இந்தக் கோலத்தில் கோயிலுக்குள் நுழையவே கூச்சமாக இருக்கிறது, முதலில் திருந்திவிட்டு அப்புறம் போகலாமா? காத்திருக்க வேண்டாம், இப்போதே போங்கள்.

பைபிளில் லூக்கா நற்செய்தி 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். சக்கேயு எரிகோவில் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், ஊரே வெறுத்த பணக்காரன். ஆள் குட்டை, கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இயேசு அண்ணாந்து பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்கிறார். சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பாவி வீட்டுக்குப் போகிறாரே என்று ஊர் முணுமுணுத்தது. அவர் போவதை நிறுத்தவில்லை.

அதே லூக்காவில் 15-ஆம் அதிகாரத்தில், அப்பாவிடம் சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்த ஊதாரி மகன் கதையும் அப்படித்தான். பன்றி மேய்த்த இடத்திலேயே அவன் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொள்கிறான்: பாவம் செய்தேன், மகன் என்று சொல்லத் தகுதியில்லை, கூலியாட்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று. ஆனால் அப்பா தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறார். அந்தக் கூலியாள் வரியை அவன் சொல்லவே இல்லை, அதற்குள் நல்ல உடையும் மோதிரமும் செருப்பும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார் அப்பா. எனக்கு நற்செய்தியிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

நம் பக்கம் ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முன்பே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் சாலைகளில் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். குதிகாலில் கொப்புளம் உடைந்து, துணியைச் சுற்றிக்கொண்டு தண்ணீர்ப் பந்தலில் காலை நீட்டி உட்காருகிறவரிடம் நீ எந்த மதம், நேற்று குடித்தாயா என்று யாரும் கேட்பதில்லை. மோரை ஊற்றிக் கொடுக்கிறார்கள். மனிதர்களுக்கே இது முடிகிறது என்றால், என்னிடம் வருகிறவரைத் தள்ளிவிட மாட்டேன் என்று சொன்னவர் (யோவான் 6:37) உங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவாரா?

அப்படியானால் திருந்தவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். விபசாரத்தில் பிடிபட்டாள் என்று கல்லெறிவதற்காக இழுத்துவரப்பட்ட பெண்ணிடம் இயேசு, நானும் உன்னைத் தண்டிக்கவில்லை என்று முதலில் சொல்லிவிட்டு, இனிப் பாவம் செய்யாதே என்றார். கைவிட மாட்டார் என்று தெரிந்தபின்தான் மாறுவதற்கான தெம்பே வருகிறது, நான் அப்படித்தான் நம்புகிறேன்.

செபம் சொல்ல வரவில்லையென்றால் இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்வன் கேட்டதையே கேளுங்கள், "என்னை நினைவில் கொள்ளும்" என்று. அவனுக்குத் திருந்தி வாழ்ந்து காட்ட நேரமே இருக்கவில்லை, அன்றைக்கே பேரின்ப வீடு கிடைத்தது.

இன்னொன்று, தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம். அதனால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பாருங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாருங்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை.