கடைக்குப் போவது நேர விரயம்தானே? காலணிக் கடையில் நிற்கும் ஒருவனின் பதில்

"ஆன்லைனில் எல்லாமே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது, விலையும் குறைவு, பிடிக்காவிட்டால் திருப்பியும் அனுப்பலாம். பிறகு எதற்குக் கடை ஏறி இறங்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, கிடைக்கும் ஒரு விடுமுறை நாளையும் கடைகளில் தொலைத்து அலுத்துப்போனவர் என்று தோன்றுகிறது. அந்த அலுப்பு நியாயமானது. ஆனால் "கடையில் நிற்பவர்களுக்குப் பெட்டியை எடுத்துக் கொடுப்பதைத் தவிர வேறு என்ன வேலை?" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் பல வருடங்களாகக் காலணிக் கடையில் வேலை பார்க்கிறேன். கடைக்காரன் கடைக்குத்தான் பரிந்து பேசுவான் என்று சிலர் சொல்லக்கூடும். நானும் ஆன்லைனில் வாங்குகிறவன்தான். புத்தகம், பேட்டரி, சார்ஜர் போன்றவற்றுக்காக நான் எந்தக் கடைக்கும் போவதில்லை. எழுத்திலேயே முழுதாக விவரித்துவிடக்கூடிய பொருள் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். நடமாட முடியாதவர்களுக்கும், பக்கத்தில் கடையே இல்லாதவர்களுக்கும், யாரும் இருப்பு வைக்காத மிகப் பெரிய அளவு தேவைப்படுகிறவர்களுக்கும் ஆன்லைன் ஒரு வரம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

உடம்பில் படும் பொருளின் கதை வேறு. பெட்டியின் மேல் இருக்கும் எண்தான் உங்கள் காலின் அளவு என்று நினைத்திருப்பீர்கள். பிரிட்டிஷ் முறையில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய முறையில் அது சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 6.7 மில்லிமீட்டர். படிகளே வேறுவேறாக இருக்கும்போது ஒரு முறையின் எண்ணை இன்னொன்றுக்கு மாற்றினால் எப்படிக் கச்சிதமாகப் பொருந்தும்? ஆண்கள் ஷூவில் அமெரிக்க எண் பிரிட்டிஷ் எண்ணைவிடப் பொதுவாக ஒன்று கூடுதலாக இருக்கும். இது தெரியாமல் ஆர்டர் செய்கிறவர்கள் ஏராளம். இவ்வளவும் நீளத்துக்கு மட்டும்தான். அகலத்தைப் பற்றி அந்த எண் வாய் திறப்பதே இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஷூவைத் தனக்கென்று செய்த கால் அச்சின் மேல்தான் தைக்கிறது. அதனால் இரண்டு நிறுவனங்களின் எட்டாம் எண் ஷூக்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

எங்கள் கடையில் காலை வைத்து அளக்கும் உலோகத் தட்டு ஒன்று இருக்கிறது. சார்லஸ் பிரானாக் என்ற அமெரிக்கர் 1920களில் உருவாக்கிய கருவி அது. காலின் மொத்த நீளம், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையிலான நீளம், அகலம் ஆகிய மூன்றையும் அது காட்டும். அதில் நிற்கவைத்து அளந்தால், தன் இரண்டு கால்களும் ஒரே அளவில் இல்லை என்று தெரிந்து பலரும் வியந்துபோகிறார்கள். அநேகம் பேருக்கு அப்படித்தான். பெரிய காலுக்குத்தான் ஷூ எடுக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் தன் அப்பாவை அழைத்து வந்தார். பெரியவருக்கு நீண்ட நாள் சர்க்கரை நோய். போட்டிருந்த ஒன்பதாம் எண் ஷூவில் குதிகால் மேலும் கீழும் வழுக்கியது. அது கழன்றுவிடாமல் இருக்க விரல்களை மடக்கி மடக்கி நடந்து பழகியிருந்தார். "ஐயா, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்" என்று அளந்து பார்த்தேன். நீளத்தில் அவர் எட்டுதான். அகலம்தான் அதிகம். அகலம் போதவில்லை என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். எட்டிலேயே அகல வகையை எடுத்துப் போட்டுவிட்டேன். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். பக்கவாட்டில் தோல் புடைத்து நிற்கவில்லை. கண்ணாடி வரை நடந்து போய்த் திரும்பிய பெரியவர், "தம்பி, போட்டிருக்கிற மாதிரியே தெரியவில்லை" என்றார். என் வேலையில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அதற்குள் மகன் பெட்டியைத் திருப்பி, ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். "யோசித்துவிட்டு வருகிறோம்" என்றார். இதைத் தினமும் பார்க்கிறோம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வலிக்கத்தான் செய்கிறது.

சில வாரங்களில் இருவரும் திரும்பி வந்தார்கள். அதே ஷூ, அதே எட்டு, ஆனால் சாதாரண அகலம். ஆன்லைன் பக்கத்தில் அகலத்தைத் தனியாகத் தேர்வு செய்ய வேண்டியிருந்ததாம், அவர் அதைக் கவனிக்கவில்லை. திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்துவிட்டது, நீங்கள் மாற்றிக் கொடுக்க முடியுமா, அல்லது கொஞ்சம் தளர்த்தியாவது தர முடியுமா என்று கேட்டார். நான் பெரியவரின் காலைத்தான் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் காலுறையில் கறை காய்ந்திருந்தது. கழற்றினால் உள்ளே கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதித்தால் காலில் உணர்ச்சி மங்கிவிடும். இறுக்கமான ஷூ கடிப்பது தெரியாது, சின்னக் கொப்புளமும் ஆறாத புண்ணாக மாறும். "ஷூவை விடுங்கள் சார், முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்" என்றேன். மகன் முகம் வெளுத்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. விலை வித்தியாசத்தைப் பார்த்தார், யாரும் பார்ப்பதுதான். ஆனால் அந்த வித்தியாசத்தில் என்ன அடங்கியிருந்தது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதே என்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல், ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருட்களை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரும் உரிமை உண்டு. கடையில் நேரில் பார்த்து வாங்கியதற்கு அந்தச் சட்டத்தில் இப்படி ஓர் உரிமை இல்லை. பார்க்காமல், தொடாமல் வாங்குகிறவருக்கு ஒரு குறை இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் அப்படி எழுதியிருக்கிறார்கள். அந்தக் குறை கடையில் கிடையாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல வேறு இடம் இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் காலுக்கு இதமாக இருக்கிறதா என்று பார்க்கும் எங்களுக்கு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட உட்கார அனுமதி கிடையாது. கடையில் உள்ள ஸ்டூல்கள் வருகிறவர்களுக்கு மட்டும். என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவருக்குக் காலில் ரத்தக் குழாய்கள் புடைத்து முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. சாயங்காலமானால் சுவரில் சாய்ந்துகொண்டுதான் பில் போடுகிறார். உட்கார்ந்திருந்தால் சோம்பேறி என்று வாடிக்கையாளர் நினைத்துவிடுவாராம். நீங்கள் அப்படி நினைப்பீர்களா? நினைக்க மாட்டீர்கள் என்றால், அடுத்த முறை கடைக்குப் போகும்போது முதலாளியின் காதில் விழும்படி அதைச் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஷூவுக்கு முதல் முறையாவது கடையில் காலைக் கொடுத்து அளந்துகொள்ளுங்கள். அளந்தவரிடமே வாங்குங்கள். விலை இடித்தால் வாய்விட்டுக் கேளுங்கள், குறைக்க முடிந்தால் குறைப்பார்கள். கடைக்கு வரவே முடியாது என்றால் இப்படிச் செய்யுங்கள்: பகலில் கால் கொஞ்சம் வீங்கும், அதனால் சாயங்காலம் அளக்க வேண்டும். சுவரில் குதிகால் முட்டும்படி ஒரு தாளின் மேல் நின்று, நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். அது பெருவிரலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு காலையும் அளந்து, பெரியதை மில்லிமீட்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலின் அகலமான இடத்தையும் அப்படியே அளந்துகொள்ளுங்கள். விற்பவர் தரும் அட்டவணையில் எண்ணைப் பார்க்காமல் சென்டிமீட்டரைப் பாருங்கள். அகலத்துக்குத் தனித் தேர்வு இருக்கிறதா என்று பக்கத்தைக் கடைசி வரை தேடுங்கள். ஷூ வந்ததும், வழக்கமாக அணியும் காலுறையோடு போட்டு, வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் நடந்து பாருங்கள். அதற்குப் பிறகுதான் அட்டையைக் கிழிக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வாங்குவதாக இருந்தால், காலுறையைக் கழற்றச் சொல்லி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.