வண்டிப்பாதையில் பைக் ஓட்ட உரிமை உண்டா?

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் மண் தடத்தில் காலங்காலமாக மாட்டுவண்டி போய்வந்தது. இப்போது நிலத்துக்காரர் கல் ஊன்றிக் கம்பி கட்டிவிட்டார். "மாட்டுவண்டி போகலாம், பைக் கூடாது" என்கிறார். சரியா?
- வாசகர், பென்னாகரம்

பதில்: அந்தத் தடம் கணக்கில் எப்படி ஏறியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் சரி, தவறு சொல்ல முடியாது. அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்துப் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) 'அ' பதிவேட்டையும் (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் கணக்கு) எடுங்கள்.

தடத்துக்குத் தனி சர்வே எண்ணோ உட்பிரிவு எண்ணோ இருந்து, 'அ' பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை. அது அரசு நிலம். எந்த வண்டி போகலாம் என்று தீர்மானிக்கப் பக்கத்து நிலத்துக்காரருக்கு அதிகாரம் கிடையாது.

பட்டா நிலத்தின் ஊடே புள்ளிக்கோடாக மட்டும் தடம் வரைந்திருந்தால் சிக்கல் அங்கேதான். நிலம் பட்டாதாரருடையது, ஊர் அவ்வழியே நடமாடியதற்குப் படம் ஒரு நல்ல சான்று, அவ்வளவே. படத்தில் எதுவுமே இல்லையென்றால் மாமூல் தடம், அதாவது வழக்கமாகப் போய்வந்த தடம் என்று நிரூபிக்க வேண்டும். பிறர் நிலத்தின் வழியே போகும் பாத்தியம் போன்றவற்றைச் சொல்லும் 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமை என்ற நினைப்போடு 20 ஆண்டுகள் பயன்படுத்தியிருக்க வேண்டும். அரசு நிலமானால் 30 ஆண்டுகள். இந்தப் பாத்தியமும் அந்தத் தடத்தை நம்பியிருக்கும் வேறொரு நிலத்தின் சொந்தக்காரருக்குத்தான் சேரும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்க வருபவருக்குச் சேராது. அதே சட்டத்தின் 28-வது பிரிவு, ஒருவகை வழியுரிமைக்குள் இன்னொரு வகை அடங்காது என்கிறது. நடந்துபோகும் பாத்தியத்தைக் காட்டிப் பைக் ஓட்ட முடியாது.

பழைய பத்திரங்களைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1965 வரை தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி முழுவதும் சேலம் மாவட்டம்; கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். நிலப்பதிவுகளைப் புதுப்பித்த 1980-களின் யு.டி.ஆர். கணக்கில் சர்வே எண்களும் பல இடங்களில் மாறின. பத்திரத்தில் உள்ள பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் வேறொருவர் நிலத்தின் படத்தை வைத்துக்கொண்டு வாதாடுபவர்கள் நிறையப் பேர்.

கம்பியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு உங்கள் மீதுதான் வரும். புலப்பட நகலோடு, 'அளந்து எல்லை காட்டித் தடையை அகற்ற வேண்டும்' என்று வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். அசைவில்லை என்றால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பொதுப்பாதையை அடைத்திருந்தால், பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-வது பிரிவில் கோட்டாட்சியரே தடையை அகற்ற உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவுதான் இது. மனுவில் விவசாயிகளும் கையெழுத்திட்டால் பலம் கூடும். பைக் ஓட்டுபவர்கள் மட்டும் கேட்டால் பொழுதுபோக்குக்காகக் கேட்பதாகவே பார்ப்பார்கள்.

கேள்வி: தென்பெண்ணை வறண்டு கிடக்கும்போது மணலில் பைக் ஓட்டலாமா? ஆறு அரசு நிலம்தானே?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அரசு நிலம்தான், 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆற்றுப்படுகையை அரசின் சொத்து என்கிறது. அதனால் அது சாலையாகிவிடாது. ஆற்றைக் கடக்கும் ஊர்த்தடம் வேறு, படுகை நெடுக ஓட்டுவது வேறு. இரண்டாவதற்கு உரிமை என்று எதுவும் இல்லை. கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள் என்பதே உண்மை. வருவாய்த் துறையோ போலீஸோ வெளியேறச் சொன்னால் வெளியேறுங்கள். தார் போடாத இடம் என்பதற்காக லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் மக்கள் செல்ல உரிமையுள்ள எந்த இடமும் பொது இடமே. பந்தயம் என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் பணமும் கிடைக்காது.

கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை) ஆற்றில் உங்கள் ஊருக்கு மேல்பக்கம் இருக்கிறது. ஆறு பிறப்பது நந்தி மலையில். இங்கே வெயில் காய்ந்தாலும் பெங்களூரு பக்கம் மழை பெய்தால் தண்ணீர் வரும். அணை திறப்பு அறிவிப்பைக் கேட்டுவிட்டே இறங்குங்கள். மணல் அள்ளிய குழிகளில் தேங்கிய தண்ணீர் மேலிருந்து பார்க்க முழங்கால் ஆழம்போலத் தெரியும். முதலில் கழியால் ஆழம் பாருங்கள்.

மணலில் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் ரிம்மில் டயர் வழுக்கி டியூபின் வால்வு பிய்ந்துவிடும். தாருக்கு ஏறியதும் மறுபடி காற்றடியுங்கள். தண்ணீரில் இன்ஜின் அணைந்தால் செல்ஃப் போடாதீர்கள்: சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கரைக்குத் தள்ளி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நியூட்ரலில் கிக்கரை உதைத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஏர் ஃபில்டரைக் காயவையுங்கள். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் மாற்றும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

கேள்வி: அஞ்செட்டிக் காட்டுக்குள் போகும் மண் தடங்களில் நுழையலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: கூடாது. நீங்கள் பார்க்கும் சக்கரத் தடம் பெரும்பாலும் வனத்துறை ஜீப்பினுடையது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என்று இந்த இரு மாவட்டக் காடுகளில் கணிசமான பகுதி வன உயிரினச் சரணாலயமாகிவிட்டது. பைக்கையே பறிமுதல் செய்யலாம். சரணாலயத்தின் வழியே போகும் பொதுச் சாலையில் செல்லத் தடையில்லை, ஆனால் சாலையை விட்டு இறங்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். செக்போஸ்ட்டில் வாய்மொழியாகக் கிடைக்கும் 'சரி போங்க' உள்ளே வேறொரு ரோந்துக் குழு நிறுத்தும்போது உதவாது.