குழந்தைகள் விளையாட்டுப் பொருள் தயாரிக்க இந்தியாவில் எங்கே தொழிற்சாலை போடலாம்?

எந்த மாநிலம் நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் பொம்மை எந்த அட்டைப்பெட்டியில் போகும், அதன் நீளம் அகலம் உயரம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

குழந்தை உட்கார்ந்து காலால் தள்ளும் பிளாஸ்டிக் காரை எடுத்துக்கொள்வோம். பெட்டி 60 × 40 × 35 செ.மீ. என்றால் கனஅளவு 0.084 கனமீட்டர். 32 அடி கன்டெய்னர் லாரியின் உள்ளளவு ஏறத்தாழ 58 கனமீட்டர். கணக்குப்படி 690 பெட்டிகள். இடுக்கும் மூலையும் போக 600 ஏறினால் அதிகம். பெட்டி மூன்றரை கிலோ என்றால் மொத்தச் சுமை 2.1 டன்தான். ஏழு டன் தூக்கும் வண்டியில் மீதியெல்லாம் காற்று. அந்தக் காற்றுக்கும் வாடகை உண்டு.

வரும் சரக்கைப் பாருங்கள். பிளாஸ்டிக் குருணை 25 கிலோ மூட்டையில் வரும். 16 டன் லோடு என்றால் 640 மூட்டை. காருக்கு மூன்று கிலோ குருணை பிடித்தால் அந்த ஒரு லோடில் 5,300 கார்கள் தயாராகும். அவற்றை வெளியே அனுப்ப ஒன்பது லாரி வேண்டும். குருணை மலிவாகக் கிடைக்கும் என்று ஜாம்நகர், பானிபட் பக்கம் போய் உட்காருகிறவர்கள் இந்த ஒன்றுக்கு ஒன்பது கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. பொம்மை பெரிதென்றால், அது விற்கும் ஊருக்குப் பக்கத்தில்தான் தொழிற்சாலையும் இருக்கவேண்டும். வட இந்தியச் சந்தை என்றால் டெல்லி சதர் பஜாருக்குச் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் பவானா, குண்ட்லி, கிரேட்டர் நொய்டா. மேற்கு என்றால் வசாய், பிவண்டி. தெற்கு என்றால் சென்னை, ஓசூர், பெங்களூரு சுற்றுவட்டம். ஆன்லைனில் விற்கிறவர்களுக்கு அடி இன்னும் பலமாக விழும். கூரியர்க்காரர்கள் செ.மீ. கணக்கில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். மேலே சொன்ன பெட்டி அவர்கள் கணக்கில் 16.8 கிலோ. (சில சமயம் இடத்தை மாற்றுவதைவிடப் பொம்மையைப் பிரித்து அடுக்கும்படி வடிவமைத்துப் பெட்டியைப் பாதியாக்குவது மலிவு. இருக்கையும் சக்கரமும் கழற்றி உள்ளே அடங்கினால் ஒன்பது லாரி ஐந்தாகிவிடும்.)

சின்னப் பொம்மைக்கு இந்தக் கணக்கு தலைகீழ். கைக்குள் அடங்கும் கார், கட்டும் பிளாக், சமையல் செட் எல்லாம் ஒரு பெட்டியில் நிறையப் பிடிக்கும். சரக்குக் கூலி பெரிதாகத் தெரியாது. இங்கே தலைவலி மோல்டு, அதாவது உருகிய பிளாஸ்டிக்கை வார்க்கும் எஃகு அச்சு. இருபது பாகம் உள்ள பொம்மைக்குப் பத்து மோல்டு வரை ஓடும். பீஸை வெளியே தள்ளும் எஜெக்டர் பின் உடையும், அச்சின் இரு பாதியும் சேரும் பார்ட்டிங் லைன் தேயும், விளிம்பில் பிசிறு வரும். மற்ற பிளாஸ்டிக் சாமானில் பிசிறு வெறும் அழகுக்கேடு. பொம்மையில் அது கூர்விளிம்புச் சோதனையில் தோற்கும் குறை. மோல்டைக் காலையில் கொடுத்து மாலையில் வாங்கும் தூரத்தில் டூல் ரூம் (மோல்டு செய்து பழுதுபார்க்கும் பட்டறை) இருந்தால் ஒரு ஷிஃப்டோடு போகும். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி என்றால் மூன்று நான்கு நாள் அந்த மெஷின் சும்மா நிற்கும். ராஜ்கோட், வசாய், டாமன், புனே, பெங்களூரு பீன்யா, ஓசூர், அம்பத்தூர், கோயம்புத்தூர் ஆகிய இடங்களில் சிறு டூல் ரூம்கள் நெருக்கமாக உள்ளன. நிலம் மலிவு என்று இவற்றை விட்டு விலகினால், மோல்டு பழுது பார்க்க ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர், ஒரு மில்லிங், ஒரு ஸ்பார்க் ஈரோஷன் மெஷின், தெரிந்த ஆள் இரண்டு பேர் என்று உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் நில விலையோடு கூட்டிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

அட்டை விளையாட்டு, ஜிக்ஸா, சீட்டுக்கட்டு என்றால் நீண்ட யோசனை வேண்டாம்: சிவகாசி. ஆஃப்செட் அச்சு, லாமினேஷன், டை பஞ்சிங் (அட்டையை வடிவமாக வெட்டுவது), பெட்டி ஒட்டுதல் எல்லாம் அடுத்தடுத்த தெருவில் கிடைக்கும். நீங்கள் வடிவமைப்பு, தரச்சோதனை, பேக்கிங் மட்டும் கையில் வைத்துக்கொண்டு தொடங்கலாம். பகடை, காய் போன்ற பிளாஸ்டிக் பாகங்களை வெளியிலிருந்து தருவித்தாலும் அவை மூட்டையில் வரும் சிறு சரக்குதான்.

துணிப் பொம்மைக்கு வேண்டியது தையல் தெரிந்த கை. இயந்திர முதலீடு குறைவு, ஆள் அதிகம். அதனால் எங்கே பெண் தொழிலாளர்கள் கிடைப்பார்கள் என்பதைவிட, அவர்களை ஏற்கெனவே யார் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மின்னணுத் தொழிற்சாலைகள் பஸ், சாப்பாடு, விடுதி கொடுத்து ஆள் எடுக்கின்றன. ராணிப்பேட்டை, செய்யாறு பக்கம் காலணித் தொழில், திருப்பூரில் பின்னலாடை. இந்த ஊர்களில் பழகிய கை கிடைக்கும், ஆனால் நிற்காது. முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பஸ் வசதியுள்ள ஒன்றியத் தலைமை ஊரில் போட்டு, ஆறு வாரம் பழக்கி எடுப்பது நிலையாக இருக்கும். ஒன்று மட்டும் எந்த ஊரானாலும் தவறக்கூடாது: உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்தால்தான் புது ஊசி என்ற நடைமுறையும், பேக்கிங்குக்கு முன் மெட்டல் டிடெக்டரும்.

மரப் பொம்மையில் ஊரே சரக்கு. சன்னபட்டணா, கொண்டபள்ளி, எட்டிகொப்பாக்கா போன்ற இடங்களில் மரமும் கைத்திறனும் சேர்ந்து இருப்பதால் தொழில் அங்கே நிற்கிறது. இயந்திரத்தில் செய்யும் மரப் பொம்மைக்கு ரப்பர் மரம் நல்ல தேர்வு. அது கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கிடைக்கும். அறுத்த சில நாள்களுக்குள் போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தாவிட்டால் பூஞ்சையும் வண்டும் பிடிக்கும். இன்னொரு சிக்கல் மெதுவாக வரும்: ஈரக்காற்றுள்ள ஊரில் 14 சதவீத ஈரத்தோடு செய்த பொம்மை, டெல்லி, ராஜஸ்தான் வெயிலில் சுருங்கும், சக்கர அச்சு தளர்ந்து கழன்றுவிடும். கழன்ற சக்கரம் குழந்தை வாயில் போகும் அளவு என்றால் அது பாதுகாப்புக் குறை. ஈரத்தை 8 முதல் 10 சதவீதத்துக்குள் கொண்டுவந்து, உலர்ந்த அறையில் வைத்தே பொருத்த வேண்டும்.

இனி எல்லா வகைக்கும் பொதுவான ஒரு முடிச்சு. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினைஞராக மத்திய கைவினைத் துறை ஆணையரிடம் பதிந்தவர்கள் செய்வதற்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. மற்றவர்களுக்குப் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தரும் உரிமம் நிறுவனத்தின் பேரில் மட்டும் இருக்காது, தொழிற்சாலை முகவரியையும் சேர்த்தே இருக்கும். ஷெட் மாற்றினால் பழைய உரிமத்தை வைத்துப் புது இடத்தில் முத்திரை குத்த முடியாது. புது இடத்தை அவர்கள் ஆய்வு செய்து ஏற்க வேண்டும். அதுவரை உற்பத்தி விற்பனைக்குப் போகாது. தற்காலிகமாக ஒரு ஷெட்டில் தொடங்கி பிறகு மாறிக்கொள்வோம் என்ற வழக்கமான யோசனை பொம்மைத் தொழிலில் விலை அதிகம்.

தர எண்களையும் தெரிந்துகொள்ளுங்கள்: இயந்திர, பௌதிகப் பாதுகாப்புக்கு ஐஎஸ் 9873 பகுதி 1, தீப்பற்றலுக்குப் பகுதி 2, ஈயம் போன்ற தனிமங்கள் கசிவதற்குப் பகுதி 3, பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட்டுக்குப் பகுதி 9, மின்சாரப் பொம்மைக்கு ஐஎஸ் 15644. சோதனைக்கு 150 முதல் 200 சதுர அடி அறையை ஷெட் வரைபடத்திலேயே ஒதுக்குங்கள். குழந்தை விழுங்கக்கூடிய பாகமா என்று பார்க்கும் 31.7 மி.மீ. விட்டமுள்ள சிறுபாக உருளை, இழுவை, முறுக்கு, வீழ்ச்சிச் சோதனைக் கருவிகள் அங்கே அடங்கிவிடும். ரசாயனச் சோதனைக்கு வெளி ஆய்வகம். டெல்லி வட்டாரம், மும்பை, சென்னை, பெங்களூரில் அவை இருப்பதால், மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரே நாளில் போய்வரும் தூரம் நல்லது. நிறத் தூளை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த அவசரம் வரும்.

அடுத்தது மின்சாரம். 150 முதல் 250 டன் (மோல்டை அழுத்தி மூடும் விசை) இன்ஜெக்ஷன் மெஷின் எட்டு, சில்லர், கம்ப்ரஸர், கிரைண்டர் சேர்த்தால் இணைப்புச் சுமை 250, 300 கிலோவாட்டைத் தொடும். அந்தச் சுமைக்கு உயரழுத்த இணைப்பும் சொந்த மின்மாற்றியும் தேவைப்படும் என்று வைத்தே பட்ஜெட் போடுங்கள். யூனிட் விலையை எல்லோரும் கேட்கிறார்கள். தடையை யாரும் கேட்பதில்லை. பத்து நிமிடம் மின்சாரம் போனால், மெஷினில் பிளாஸ்டிக் உருகும் பீப்பாய் சூடு இறங்கி, மறுபடி சூடேற்றி, முதல் சில டஜன் பீஸைக் கழித்து, நல்ல பீஸ் வர முப்பது நாற்பது நிமிடம் ஆகும். நாளைக்கு மூன்று தடவை என்றால் இரண்டு மணி நேரம் போயிற்று. பிவிசி ஓட்டினால் இன்னும் மோசம். பீப்பாய்க்குள் கருகி அமிலம் விட்டு ஸ்க்ரூவை அரிக்கும். சப்ஸ்டேஷனுக்கே போய், உங்கள் ஷெட்டுக்கு வரும் ஃபீடரில் (மின்பாதையில்) கடந்த 12 மாதத் தடைப் பதிவைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கிராமத்தோடு சேர்ந்த ஃபீடரா, தொழிற்பேட்டைக்குத் தனி ஃபீடரா என்பதுதான் முக்கியக் கேள்வி.

தண்ணீர் அளவு குறைவாகப் போதும், தரம் வேண்டும். போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால் மோல்டுக்குள் குளிர்நீர் ஓடும் துளைகளில் உப்புப் படியும். ஒரு தடவை வார்த்தெடுக்கும் 28 விநாடி சுழற்சி சத்தமில்லாமல் 34 ஆகும்; ஆபரேட்டர் டைமரைக் கூட்டிவைத்துவிடுவார், ஆறு மாதம் கழித்து உற்பத்தி ஏன் குறைந்தது என்று தேடுவீர்கள். ஷெட் பார்க்கப் போகும்போதே ஒரு பாட்டில் பிடித்துக் கடினத்தன்மை சோதித்துவிடுங்கள். கடலோர ஊர் என்றால் மோல்டில் துரு, ஏபிஎஸ் (ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) குருணையில் ஈரம். 80 டிகிரியில் இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் உலர்த்தாவிட்டால் பொம்மை மேல் வெள்ளிக்கோடு விழும். சமாளிக்கலாம், ஆனால் டிரையருக்கும் மின்சாரம் பிடிக்கும்.

கட்டடத்தில் முதலில் உயரத்தைப் பாருங்கள். 250 டன் மெஷின் மோல்டு ஒரு டன்னைத் தாண்டலாம். கிரேன் ஓட ஆறு மீட்டராவது சுத்த உயரம் வேண்டும். பிறகு கிடங்கு. எட்டு மெஷினுக்கு ஆறாயிரம் சதுர அடி போதும் என்றால் தயாரான சரக்குக்குப் பத்தாயிரம் வேண்டும், ஏனெனில் தீபாவளிக்கு விற்பதை ஜூனிலிருந்து அடுக்குவீர்கள். கிடங்கு தனி இடத்தில் இருந்தால் காற்றை இரண்டு தடவை ஏற்றி இறக்கிய கூலி சேரும். சென்னையைச் சுற்றி என்றால் 2015 டிசம்பரில் ஈக்காட்டுத்தாங்கலிலும் 2023 டிசம்பரில் அம்பத்தூர் பேட்டையிலும் தண்ணீர் புகுந்ததை மறக்கவேண்டாம். பக்கத்து ஷெட் காவலாளியிடம் தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று கேளுங்கள், சுவரில் கை வைத்துக் காட்டுவார்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில், கட்டும் முன் நிறுவும் இசைவு, ஓட்டும் முன் இயக்கும் இசைவு. வெறும் மோல்டிங் எளிது. ஸ்ப்ரே பெயின்ட் பூத் வைத்தால் வாரியம் உங்கள் ஆலையை வைக்கும் மாசு வகை மாறக்கூடும். குடியிருப்பை ஒட்டிய ஷெட்டில் அது பிறகு கழுத்தைப் பிடிக்கும். பெயின்ட் வேண்டுமா, பேட் பிரின்டிங்கும் (சிலிகான் திண்டால் படம் பதிப்பது) நிறக் குருணையும் போதுமா என்பதை இடம் பார்க்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

பொம்மைக்கென்றே உள்ள தொழிற்பூங்காக்கள்? கர்நாடகத்தின் கொப்பள், உத்தரப் பிரதேசத்தில் யமுனா விரைவுச் சாலை ஓரத்து செக்டர் 33 இரண்டும் பலர் கேட்பவை. வெளிநாட்டு பிராண்டுக்குத் தயாரித்துக் கொடுக்கும் பெரிய ஆலைக்கு அவை பொருந்தும். தீயணைப்பு வழி, கட்டட உறுதி, தொழிலாளர் விடுதி எல்லாம் தணிக்கைக்கு நிற்கும்படி புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். மூன்று நான்கு மெஷினோடு தொடங்குபவருக்கு ஓடிக்கொண்டிருக்கும் சிட்கோ (தமிழக அரசின் சிறுதொழில் நிறுவனம்) போன்ற பேட்டையே மேல் என்பது என் கருத்து. வெல்டரும் எலக்ட்ரீஷியனும் ஹைட்ராலிக் சீல் கடையும் நடந்துபோகும் தூரத்தில் இருப்பார்கள். மானியத்தை வைத்து இடம் தேர்வதும் எனக்கு ஒப்பவில்லை. அது கிடைக்கும், ஆனால் தாமதமாகக் கிடைக்கும். நடப்பு மூலதனக் கணக்கில் அதைச் சேர்த்தவர்கள்தான் சிக்குகிறார்கள். பொம்மை இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனது. உள்நாட்டுக்காரருக்கு இது கவசம். அதே கவசம் எந்த மாநிலத்தில் உட்கார்ந்தாலும் உண்டு, ஆகவே இடத் தேர்வில் அதைப் பேச வேண்டியதில்லை.

வாடகை ஷெட் என்றால் பதினொரு மாத ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். உரிமம் முகவரியோடு கட்டப்பட்டது என்பதால், ஐந்து வருடத்துக்குக் குறையாமல் பதிவு செய்த குத்தகை, உங்களுக்கு மட்டும் முன்கூட்டி வெளியேறும் உரிமை, வருடா வருடம் வாடகை எவ்வளவு ஏறும் என்ற எண், உயரழுத்த இணைப்புக்கு உரிமையாளரின் சம்மதக் கடிதம், தொழில் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்ற கட்டட வரைபடத்தின் நகல் ஆகியவை கைக்கு வந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.