கார்பீன் அணைவுகளின் ஒளிர்வு: கேள்வி பதில்

கேள்வி: சார், க்ளவ் பாக்ஸ் (காற்றுப் புகாத கையுறைப் பெட்டி) இல்லாமல் தங்கக் கார்பீன் அணைவு செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. கார்பீன் என்பது இரண்டு பிணைப்பு மட்டுமே கொண்ட கார்பன் உள்ள மூலக்கூறு; அது உலோகத்தோடு இணைந்தால் அணைவு. தனிக் கார்பீனைப் பிரித்தெடுக்கவே வேண்டாம். கார்பீனைத் தரும் உப்பான இமிடசோலியம் குளோரைடையும் சில்வர் ஆக்சைடையும் டைகுளோரோமீத்தேனில் போட்டு அறை வெப்பநிலையில் கலக்கவிடுங்கள். ஆக்சைடே காரம், வெள்ளியைத் தருவதும் அதுவே. வாங், லின் இருவரும் 1998-இல் காட்டிய வழி. கறுப்புத் தூள் கரையக் கரைய வினை நடக்கிறது என்று பொருள். அப்புறம் டைமெத்தில் சல்ஃபைடு ஒட்டிய தங்கக் குளோரைடைச் சேர்த்தால் கார்பீன் தங்கத்துக்கு மாறிவிடும்; சில்வர் குளோரைடு வெள்ளையாகப் படியும். செலைட் என்ற வடிகட்டும் தூளில் வடிகட்டுங்கள். குடுவைக்கு அலுமினியத் தாள் சுற்ற மறக்காதீர்கள், வெள்ளிக்கு வெளிச்சம் ஆகாது.

கேள்வி: என் ஈரிடியம் கார்பீன் கரைசல் புற ஊதா விளக்கில் ஒளிரவே இல்லை.

பதில்: ஆக்சிஜனை வெளியேற்றினீர்களா? ஒளிரும் முன் மூலக்கூறு இருக்கும் கிளர்ந்த நிலைக்கு மும்மை நிலை என்று பெயர்; அதில் இருக்கும் ஆற்றலை ஆக்சிஜன் பறித்துக்கொள்ளும். உறையவைத்து, வெற்றிடமாக்கி, உருகவிடுங்கள், மூன்று சுற்று.

கேள்வி: நீல ஒளிக்கு ஏன் கார்பீனைத் தேடுகிறார்கள்?

பதில்: கார்பீன் உலோகத்துக்கு எலக்ட்ரானை வலுவாகத் தருகிறது. அதனால் உலோகத்தின் டி-டி நிலைகள் (எலக்ட்ரான் உலோகத்தின் டி ஆர்பிட்டால்களுக்குள்ளேயே தாவிய, ஒளிராத நிலைகள்) மேலே போய்விடும். ஆற்றல் அந்த வழியாக வெப்பமாக வீணாவது குறைகிறது. ஈனியின் (உலோகத்தோடு இணையும் மூலக்கூறு, இங்கே கார்பீன்) காலி ஆர்பிட்டாலும் உயரத்தில் இருப்பதால் இடைவெளி பெரிது. மூன்று கார்பீன் ஈனிகள் கொண்ட ஈரிடியம் அணைவு ஒன்று 380 நானோமீட்டர் அருகே, புற ஊதாவின் விளிம்பில் ஒளிர்வதை 2005-இலேயே காட்டிவிட்டார்கள்.

கேள்வி: என் பிளாட்டினம் கார்பீனும் மங்கல்தான் சார், என்ன காரணம்?

பதில்: ஆக்சிஜன். மேலே படியுங்கள்.

கேள்வி: கிரப்ஸ் வினையூக்கி (ருத்தீனியக் கார்பீன்) எங்கே மலிவு?

பதில்: விற்பவரைக் கேளுங்கள். ஒளிராததற்கு நான் விலை பார்ப்பதில்லை.

கேள்வி: இரும்புக் கார்பீனே ஒளிர்கிறதாமே, ஈரிடியத்துக்கு மங்களம் பாடிவிடலாமா?

பதில்: பொறுங்கள். லுண்ட் பல்கலைக்கழகக் குழுவின் 2019 இரும்புச் சேர்மத்துக்குக் கிளர்ந்த நிலையின் ஆயுள் 2 நானோநொடி, ஒளிர்வுத் திறன் (வாங்கிய ஒளியில் திரும்ப ஒளியாக வருவது) 2%. பைபிரிடின் என்ற ஈனி கொண்ட பழைய இரும்பு அணைவில் ஒளி பட்டு எழும் நிலை 100 ஃபெம்டோநொடிக்குள் கலைந்துவிடும். அதோடு ஒப்பிட்டால் அபாரம்தான். இதற்கு மட்டும் ஆக்சிஜன் கேள்வியைக் கேட்க மாட்டேன், அது வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் டிஸ்ப்ளே திரைக்கு 2% எதற்கு உதவும்?

மறுகேள்வி: திரையை விடுங்கள். ஒளி வினையூக்கத்துக்கு 2 நானோநொடி போதாதா?

பதில்: வினைப்பொருள் செறிவாக இருந்தால் போதும், ஒப்புக்கொள்கிறேன்.

மறுகேள்வி: இரும்பு மலிவு என்பதையும் ஒப்புக்கொள்ளுங்களேன்!

பதில்: இரும்பு மலிவு, போரான் நடுவில் வைத்து மூன்று கார்பீன்களைக் கட்டிய அந்த ஈனி மலிவா? மலிவு உலோகத்தில் வெளிச்சம்தான் வேண்டும் என்றால் செம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் கார்பீன், மறுபக்கம் அமைடு. தாம்ப்ஸன் குழு 2019-இல் 99 சதவீதத்துக்கு மேல் ஒளிர்வுத் திறன் எடுத்தது, ஆயுளும் மைக்ரோநொடிக் கணக்கு. அதை அளக்கும்போது ஆக்சிஜனை வெளியேற்றுங்கள்.