லப்டொப் சார்ஜ் ஏறவில்லை என்றால் அடப்டரைத்தான் மாற்ற வேண்டுமா?

கேள்வி கேட்டவர் சொன்னது இவ்வளவுதான்: தங்கச்சி கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறார், நிலாவெளிப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அவருடைய லப்டொப்பில் வயரைச் செருகினால் 'செருகப்பட்டுள்ளது, சார்ஜ் ஏறவில்லை' என்று வருகிறது. கடையில் எல்லா லப்டொப்புக்கும் பொருந்தும் என்று ஒரு அடப்டரைக் காட்டியிருக்கிறார்கள். வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். நான் திருகோணமலை டவுனில் பதினொரு வருடமாக லப்டொப் திருத்துகிறேன். இந்தச் செய்தியைப் பார்த்தவுடன் அடப்டர் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். 'செருகப்பட்டுள்ளது' என்று லப்டொப் சொல்கிறது அல்லவா? சுவரிலிருந்து கரண்ட் வந்து சேர்ந்துவிட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. பிளக், வயர், அடப்டர் எல்லாம் ஓரளவுக்காவது உயிரோடு இருந்தால்தான் அப்படிக் காட்டும். தடங்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

தங்கச்சியிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: பற்றரி எத்தனை வீதத்தில் நிற்கிறது? போன வருடம் மூதூரிலிருந்து ஒரு ரீச்சர் வந்தார். லப்டொப்பைத் துவாயில் சுற்றி, பைக்குள் மூன்று அடப்டர்களோடு வந்தார். ஒன்று லப்டொப்போடு வந்தது, மற்ற இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் காசு கொடுத்து வாங்கியவை. மூன்றிலும் சார்ஜ் ஏறவில்லை. நான் திறந்து பார்த்தபோது சரியாக 60 வீதத்தில் நின்றது. பற்றரியின் ஆயுளைக் காப்பாற்ற 60 அல்லது 80 வீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி பல லப்டொப்களில் இருக்கிறது. லெனோவோவில் அதற்குக் கொன்சர்வேஷன் மோட் என்று பெயர். மற்றக் கம்பனிகளும் வேறு வேறு பெயரில் வைத்திருக்கின்றன. வீட்டுப் பிள்ளை யாரோ விளையாட்டாக அதைப் போட்டுவிட்டிருக்கிறது. ஒரு சொடுக்கில் சரியாகிவிட்டது. ரீச்சர் அந்த மூன்று அடப்டர்களையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த முகத்தை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எண் அப்படி 60இலோ 80இலோ நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே போகிறது அல்லது 5, 10 என்று அடியிலேயே கிடக்கிறது என்றால், அடுத்தது லப்டொப்பில் செருகும் அடப்டர் முனையைப் பாருங்கள். டெல், ஹெச்பி லப்டொப்களின் வட்ட முனைக்குள் நடுவில் தையல் ஊசி போல ஒரு மெல்லிய ஊசி நிற்கும். பலர் அதில்தான் கரண்ட் போகிறது என்று நினைக்கிறார்கள். கரண்ட் போவது முனையின் உள் சுவரிலும் வெளிச் சுவரிலும். நடு ஊசி அடையாளம் சொல்வதற்கு மட்டும். 'நான் 65 வாட் அடப்டர்' என்று அடப்டர் அதன் வழியாகத்தான் லப்டொப்புக்குத் தெரிவிக்கிறது. ஊசி வளைந்தாலோ, அதற்குப் போகும் முடி போன்ற வயர் உள்ளே அறுந்தாலோ, லப்டொப்புக்கு அடப்டர் யாரென்று தெரியாது. ஆளைத் தெரியாதபோது அது பயந்து நடந்துகொள்கிறது. ஓடுவதற்கு மட்டும் கரண்ட் எடுக்கும், பற்றரிக்கு ஏற்றாது, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். டெல்லில் இயக்கும்போதே அடப்டரின் வகையை அறிய முடியவில்லை என்று ஒரு எச்சரிக்கையும் வரும். 'சார்ஜும் இல்லை, லப்டொப்பும் ஆமை மாதிரிப் போகிறது' என்று இரண்டையும் சேர்த்து யாராவது சொன்னால் நான் முதலில் அந்த ஊசியைத்தான் டோர்ச் அடித்துப் பார்ப்பேன். லெனோவோவின் சதுர முனையிலும் இதே வேலைக்கு நடுவில் ஒரு ஊசி உண்டு. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி, வளாகத்தில் அதே கம்பனி லப்டொப் வைத்திருக்கும் தோழியிடம் ஐந்து நிமிடம் அடப்டரை வாங்கிச் செருகிப் பார்ப்பது. ஒரு சதம் செலவில்லை. அதில் ஏறினால் அடப்டர் பிழை. அதிலும் ஏறாவிட்டால் லப்டொப்பின் ஜக், பற்றரி, மதர்போர்ட் ஆகியவற்றில் ஒன்று.

பற்றரியைப் பற்றிச் சுருக்கமாக. விண்டோஸில் பற்றரி ரிப்போர்ட் எடுக்கலாம். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண்கள் வரும். இரண்டாவது பாதிக்கும் கீழே போயிருந்தால் பற்றரி களைத்துவிட்டது. டச்பாட் மேலே தள்ளிக்கொண்டு வந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பற்றரி வீங்கியிருக்கிறது. அன்றைக்கே பாவிப்பதை நிறுத்துங்கள், அழுத்தவோ குத்தவோ வேண்டாம். அப்புறம், சூடு. பொதுவாக 45 பாகைக்கு மேல் போன பற்றரிக்கு லப்டொப் சார்ஜ் ஏற்றாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் சீற் கூரை அறையில், கட்டில் மெத்தை மேல் வைத்துப் பாவித்தால் அந்தச் சூடு வருவது பெரிய விஷயமில்லை. அணைத்துவிட்டு, வயரையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஆறியபின் செருகிப் பாருங்கள். சில நேரம் அதோடு சரியாகிவிடும்.

இனி, செருகியும் ஒன்றுமே காட்டாத லப்டொப் வைத்திருப்பவர்களுக்கு. இங்கே கதை சுவரிலிருந்து தொடங்குகிறது, நம்முடைய ஊரில் அந்தப் பக்கம்தான் அதிகம் பிழையாகிறது.

13 அம்பியர் சதுரப் பின் பிளக்குக்குள் ஒரு பியூஸ் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. பிளக்கின் அடிப்பக்கம், கால்களுக்கு நடுவில் ஒரு சின்ன மூடி இருக்கும். ஸ்குரூ டிரைவர் முனையால் நெம்பினால் பியூஸ் வெளியே வரும். லப்டொப் வயருக்கு 3 அல்லது 5 அம்பியர் போதும். அது எரிந்திருந்தால் அடப்டர் செத்த மாதிரியே இருக்கும். சில ரூபாய்ச் சாமான். அதற்காக முழு அடப்டரையே குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது நம் எல்லோர் வீட்டிலும் நடப்பது. உருண்டைக் கால் இரண்டு உள்ள பிளக்கைச் சதுர ஓட்டையில் போடுவதற்கு மேல் ஓட்டைக்குள் பேனை மூடியை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு செருகுவோம். மேல் ஓட்டை எர்த்துக்கு உரியது. எர்த் கால் உள்ளே போனால்தான் கீழ் இரண்டின் அடைப்பும் திறக்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் எதையாவது விடாமல் இருக்க. பேனை மூடியால் அந்தக் காவலை ஏமாற்றிச் செருகிய கால்கள் உள்ளே இறுக்கமாக நிற்பதில்லை. காதை வைத்துக் கேட்டால் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வரும். அது தீப்பொறி. கழற்றிப் பார்த்தால் காலின் ஒரு பக்கம் கறுத்திருக்கும், பிளாஸ்டிக் மஞ்சளாகியிருக்கும். அடப்டருக்குக் கரண்ட் விட்டு விட்டுப் போகும். முழுசாக அடப்டரை மாற்ற வேண்டியதில்லை, சுவரிலிருந்து அடப்டர் பெட்டி வரைக்குமான வயரை மட்டும் சதுரப் பின் பிளக்கோடு தனியாக வாங்கலாம். பெட்டியில் செருகும் பக்கம் மூன்று உருண்டை சேர்ந்த இலை போல இருந்தால் அதே வடிவம் பார்த்து எடுங்கள்.

மூன்றாவது உப்பு. உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி என்று கரையோரம் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். மாரியில் வாடை அடிக்கும்போது கடல் ஈரம் நேரே அறைக்குள் வரும். பிளக்கின் பித்தளைக் கால்களில் பச்சையாக ஒரு பூச்சு பிடிக்கும். லப்டொப் முனையிலும் அதேதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு பையன் கொண்டுவந்த அடப்டரின் வயரை வெட்டிப் பார்த்தபோது உள்ளே செம்பு இழைகள் இரண்டு அங்குலம் வரை கறுத்து, தொட்டால் பொடியாகிற நிலையில் இருந்தன. வெளியே ரப்பர் புத்தம் புதிதாகத் தெரிந்தது. மாதம் ஒருமுறை சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பிளக் கால்களை மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். லப்டொப் முனையை ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள்.

அடப்டர் பெட்டியில் விளக்கு இருந்தால் அதுவே ஒரு சோதனைக் கருவி. சுவரில் செருகியும் விளக்கு எரியவில்லை என்றால் சுவர்ப் பக்கமோ பெட்டியோ பிழை. தனியாக எரிகிறது, லப்டொப்பில் செருகியவுடன் அணைகிறது என்றால் லப்டொப்புக்குள் ஷோர்ட் இருக்கலாம், அல்லது பெட்டி பாரம் தாங்காத அளவுக்குப் பலவீனமாகிவிட்டது. இதற்கும் கடன் வாங்கிய அடப்டர்தான் பதில் சொல்லும். மல்ட்டிமீற்றர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வெறுமனே அளக்கும்போது 19.5 வோல்ட் காட்டும் அடப்டர், லப்டொப் இழுக்கும்போது சரிந்து விழலாம். மீற்றர் சரி என்று சொன்னது முழுச் சான்றிதழ் இல்லை.

வயரை ஆட்டினால் வந்து வந்து போகிறது என்றால் முனைக்குக் கிட்ட, ரப்பர் வளையம் முடிகிற இடத்தில் இழை அறுந்திருக்கும். பெட்டியை இறுக்கச் சுற்றிக் கட்டுகிற பழக்கத்தால் வருவது. கையளவு வட்டமாக, தளர்வாகச் சுற்றி வையுங்கள். முனையை வெட்டிப் புதிது பற்றவைக்கலாம், நல்ல கை செய்தால் வருடக் கணக்கில் நிற்கும். ஆனால் பெட்டியை மட்டும் வீட்டில் உடைக்காதீர்கள். 230 வோல்ட்டை உள்ளே நேர் மின்னாக மாற்றும்போது கிட்டத்தட்ட 325 வோல்ட் ஒரு கொண்டென்சரில் நிற்கிறது. சுவரிலிருந்து கழற்றிய பிறகும் அது சில நேரம் அங்கேயே இருக்கும்.

சரி, எல்லாம் பார்த்து அடப்டர்தான் பிழை என்று தெரிந்துவிட்டது. அந்த 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' அடப்டரை வாங்கலாமா? வேண்டாம் என்றுதான் சொல்வேன். வோல்ட்டை ஒரு சுவிட்சால் மாற்றுகிற வகையாக இருந்தால் கட்டாயம் வேண்டாம். பையில் உரசி அந்தச் சுவிட்ச் நகர்ந்தால் அடுத்தமுறை 24 வோல்ட் உள்ளே போகும். பழைய அடப்டரைத் திருப்பி அதன் லேபிளை வாசியுங்கள். 'அவுட்புட்' என்ற வரியில் இரண்டு எண்கள் இருக்கும். 19.5 வோல்ட் 3.34 அம்பியர், 20 வோல்ட் 3.25 அம்பியர், 19 வோல்ட் 3.42 அம்பியர் என்று வரும். ஒவ்வொன்றிலும் வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கிப் பாருங்கள், எல்லாம் கிட்டத்தட்ட 65 வாட்தான். வோல்ட் பொருந்த வேண்டும். அம்பியர் குறையக் கூடாது, கூடலாம். '90 வாட் போட்டால் லப்டொப் எரிந்துவிடும்' என்று பயப்படுகிறார்கள். லப்டொப் தனக்கு வேண்டிய அளவைத்தான் இழுக்கும். கிணறு பெரிதாக இருப்பதால் வாளியில் தண்ணீர் கூடப்போவதில்லை. 65 வாட் கேட்கிற லப்டொப்புக்கு 45 வாட் போட்டால்தான் பிரச்சினை: அடப்டர் கொதிக்கும், அல்லது உங்கள் தங்கச்சி பார்த்த அதே செய்தி வரும்.

டைப் சி வழியாக ஏறும் லப்டொப் என்றால் அடப்டரும் லப்டொப்பும் தாங்களே பேசி 5, 9, 15, 20 வோல்ட்டில் ஒன்றை முடிவு செய்துகொள்ளும். அங்கே ஏமாற்றுவது கேபிள். சாதாரண டைப் சி கேபிள் 3 அம்பியர் வரைதான், அதாவது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் 5 அம்பியர் கேபிள் என்று கேட்டு வாங்க வேண்டும். போன் சார்ஜரைச் செருகிவிட்டு ஏறவில்லை என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு.

லப்டொப்பின் உலோக உடம்பைத் தடவும்போது விரலில் எறும்பு ஊர்வது போல் இருந்தால், அது பெரும்பாலும் எர்த் இல்லாத இரண்டு கால் பிளக்கால். அளவில் மிகக் குறைந்த கசிவுதான். மூன்று கால் பிளக்குக்கு மாறினால் நிற்க வேண்டும். மாறியும் நிற்கவில்லை என்றால் பிழை வீட்டு எர்த்தில். மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் ஒரு இரவு கரண்ட் வந்து, போய், மறுபடி வந்தது. என் மேசைக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு கருகிய மணம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் அடப்டர் அதோடு சரி. ஒருவருடைய லப்டொப்பை அடுத்த நாள் காலை கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன், கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து கரண்ட் வந்து ஐந்து நிமிடம் மின்விசிறி சீராகச் சுற்றுவதைப் பார்த்த பிறகுதான் செருகுகிறேன்.

உங்கள் தங்கச்சியிடம் எத்தனை வீதத்தில் நிற்கிறது என்று கேட்டு இங்கே எழுதுங்கள். அடப்டரின் லேபிளையும் முனையின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்துப் போட்டால், ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.